டெல்லி ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’: பெற்றோரைப் பயிற்றுநராக்கும் ஒரு தொண்டு நிறுவனம் பற்றிய மதிப்பீடு

தென்கிழக்கு டெல்லியின் ஜசோலா விஹாரில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ என்ற தொண்டு நிறுவனம் தேசிய ஆட்டிசம் மையத்தை நடத்தி வருகிறது. பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் புலன் உணர்வுகளும் சிறுவயதிலிருந்தே வேறுபட்டிருக்கும் வளர்ச்சிநிலையே ஆட்டிசம். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பரூவா 1991-இல் தொடங்கிய இந்த நிறுவனம், தன்னைப் பெற்றோர் அமைப்பு என்றே அடையாளப்படுத்திக்கொள்கிறது. பள்ளி, ஆட்டிசத்தைக் கண்டறியும் பிரிவு, சிறப்பாசிரியர்களுக்கான பட்டயப் படிப்பு, வயது வந்தவர்களுக்கான வேலைப் பயிற்சி என்று அதன் பணிகள் விரிந்திருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போகலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் விசாரிப்பது பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்றைப் பற்றித்தான். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே பங்கேற்கும் பயிற்சி அது. ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தாயாகவும், அந்தப் பயிற்சியை முடித்துத் திரும்பிய சில குடும்பங்களோடு நெருங்கிப் பழகியவளாகவும் அதை மதிப்பிட்டு எழுதுகிறேன். நிறுவனத்தின் மற்ற பணிகளை இதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தொடுகிறேன்.

இத்தகைய சேவையை எடைபோடும்போது அதை யார் வழிநடத்துகிறார்கள் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில், பெற்றோரின், குறிப்பாகத் தாயின், அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து வேரூன்றியது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். அந்தக் கருத்தை உடைத்தவர்களில் முன்னிற்பவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளரான அவர் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும் ஆவார். ஆட்டிசத்துக்கு உயிரியல் அடிப்படை உண்டு என்று 1964-இல் வாதிட்டு எழுதி, அடுத்த ஆண்டே அமெரிக்கப் பெற்றோரைச் சங்கமாகத் திரட்டினார். லண்டனில் அதற்கு முன்பே, 1962-இல், பெற்றோர் சிலர் கூடித் தொடங்கிய சங்கம்தான் இன்றைய நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. அதை நிறுவியவர்களில் ஒருவரான லோர்னா விங் மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளின் தாய். பின்னாளில் உளவியலாளர் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979-இல் அவர் வெளியிட்ட முடிவுகள், ஆட்டிசத்தை ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவில் வெளிப்படும் பரந்த நிறமாலையாகப் பார்க்கும் இன்றைய பார்வைக்கு வழி திறந்தன. வீட்டில் ஒரு குழந்தையை வளர்த்துக்கொண்டே மருத்துவமும் பார்த்தவர்களுக்கு, வீடு சொன்னதைக் கேட்காமல் மருத்துவம் பேச முடியவில்லை.

நம் நாட்டில் இந்தத் திருப்பம் வெகு தாமதமாகவே வந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு என்றோ மனநோய் என்றோ சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும்படி பெற்றோர் அனுப்பப்பட்ட காலம் அது. அந்தச் சூழலில்தான் டெல்லியின் இந்த அமைப்பு 1994-இல் ‘ஓப்பன் டோர்’ என்ற சிறு பள்ளியைத் தொடங்கியது. அதே ஆண்டில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் இதழொன்றையும் வெளியிடத் தொடங்கியது. ஆட்டிசத்தைச் சட்டத்தில் தனியாக அங்கீகரிக்க வேண்டும் என்று அது இடைவிடாமல் வாதாடியது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பெயரிலேயே ஆட்டிசம் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் ஒன்றானது. இன்று ஒரு மாவட்டத் தலைநகரில் மகனுக்கு ஆட்டிசம் என்றே எழுதப்பட்ட சான்றிதழைப் பெறும் தாய் இந்த நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் இவர்களைப் போன்ற பெற்றோரின் உழைப்பு இருக்கிறது.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். நம் ஊர்த் தெரபி மையங்கள் பலவற்றில் நடப்பது என்ன என்பதைச் சொன்னால்தான் அதன் தனித்தன்மை விளங்கும். குழந்தையைக் கொண்டுபோய் விடுகிறோம், கதவு சாத்தப்படுகிறது, முக்கால் மணி நேரம் கழித்துத் திறக்கும்போது ‘இன்றைக்கு நன்றாக ஒத்துழைத்தான்’ என்ற ஒரு வரி கிடைக்கிறது. உள்ளே என்ன நடந்தது, அதை வீட்டில் எப்படித் தொடர்வது என்று கேட்டால், பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தையின் கவனம் சிதறும் என்று பதில் வருகிறது. நாங்களும் ஓர் ஊரில் ஒரு மையத்தின் வரவேற்பறையில் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். வாரத்தில் மூன்று மணி நேரம் தெரபிஸ்ட்டோடும் மீதி நேரம் முழுவதும் வீட்டிலும் இருக்கும் குழந்தைக்கு, அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் திட்டமிடுவது போதாது என்பது எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

டெல்லிப் பயிற்சியில் கதவுக்கு உள்ளே இருந்து கற்பவர் பெற்றோரே. குழந்தையோடு தாயோ தந்தையோ வர வேண்டும். பன்னிரண்டு வாரமும் கூடவே இருக்க வேண்டும். ஆட்டிசம் என்றால் என்ன, புலன் உணர்வுகள் எப்படி வேறுபடுகின்றன, நடத்தைக்குக் காரணங்கள் எவை என்று வகுப்புகளில் கற்பதைத் தன் குழந்தையோடு தானே செய்துபார்க்க வேண்டும். பயிற்றுநர்கள் அருகிலிருந்து திருத்துகிறார்கள். அங்கே பணிபுரிவோரிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, எதிரே இருப்பவருக்கு அது புதிய செய்தியாக இல்லாமல் இருப்பதே பாதிப் பாரத்தை இறக்கிவைக்கிறது.

பயிற்சி முடித்த பெற்றோரிடம் நான் காணும் தெளிவான மாற்றம், குழந்தையின் நடத்தையை அவர்கள் வாசிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. மளிகைக் கடையில் பிள்ளை அலறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்கம், அதட்டுவது அல்லது பிஸ்கட் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்து அழைத்து வருவது. அலறலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்துவைக்கக் கற்ற தாய் வேறு கேள்விகளைக் கேட்கிறார். பிஸ்கட் கிடைத்ததும் அலறல் நின்றதென்றால், அலறினால் பிஸ்கட் கிடைக்கும் என்பதை அவனுக்கு நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதே பிஸ்கட்டைக் கை நீட்டியோ படம் காட்டியோ கேட்கும் வழியை இப்போது கற்றுத்தர வேண்டும். குளிர்பெட்டியின் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறினான் என்றால், அவனுக்கு வேண்டியது அங்கிருந்து விலகும் வழி; அப்போது பிஸ்கட்டும் உதவாது, அதட்டலும் உதவாது. வெளியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு அலறல்களுக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள் தேவைப்படுகின்றன. எந்த அலறல் எது என்பதை நாள் முழுதும் உடனிருப்பவரால்தான் கண்டறிய முடியும்.

பேச்சு வராத குழந்தையிடம் தொடர்பை வளர்ப்பதிலும் இதே பார்வைதான். தட்டில் முழுத் தோசையையும் வைத்துவிட்டால் அவன் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு விள்ளலை வைத்துவிட்டுக் காத்திருந்தால், பார்வையாலோ கையாலோ படத்தாலோ சொல்லாலோ அவன் அடுத்ததைக் கேட்க ஒரு வாய்ப்பு பிறக்கிறது. ஒரு காலை உணவில் அப்படிப் பல வாய்ப்புகள். படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்கும் முறையை 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். அன்றைய வேலைகளை வரிசையாகப் படங்களில் காட்டுவது, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது கண்ணுக்குத் தெரியும்படி இடத்தை ஒழுங்குபடுத்துவது போன்றவை வட கரோலினாவில் எரிக் ஷோப்லர் வளர்த்த மரபிலிருந்து வந்தவை. பெற்றோரைத் தெரபிஸ்ட்டுக்கு இணையாக அமர்த்தி 1970-களிலேயே ஒரு மாநிலம் முழுவதற்குமான சேவையைக் கட்டியவர் ஷோப்லர். இந்த முறைகளையும் நடத்தையியல் கோட்பாடுகளையும் ஒரே சிந்தனை மரபுக்குக் கட்டுப்படாமல் குழந்தைக்கு ஏற்பக் கலந்து பயன்படுத்துவதே டெல்லி மையத்தின் வழக்கம். என் பார்வையில் அது சரியான தேர்வு.

சிறிய வேலைகளைக் கற்றுத்தரும் நுட்பமும் குறிப்பிடத்தக்கது. கால்சட்டை போடுவதை ஐந்தாறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியான இடுப்புவரை இழுத்துவிடுவதை மட்டும் முதலில் குழந்தையிடம் விடுவார்கள். மற்றதை நாம் செய்வோம். அவன் செய்ததும் வேலை முடிந்துவிடுகிறது. முடித்த திருப்தி அவனுக்குக் கிடைக்கிறது. பிறகு கடைசிக்கு முந்தைய படி, அதற்கு முந்தைய படி என்று பின்னோக்கி நகர்வார்கள். பொறுமையும் தொடர்ச்சியும் இருந்தால் எந்த வீட்டிலும் செய்யக்கூடியது இது. இதைச் சொல்லித்தர ஒரு மாதத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் வாங்கும் இடங்கள் உண்டு என்பதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெற்றோர் வழியாகச் செய்யும் பயிற்சிக்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் 152 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ‘பாக்ட்’ ஆய்வில், குழந்தை காட்டும் குறிப்புகளுக்கு இசைந்து பதிலளிக்கப் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2010-இல் வெளியான முடிவுகளில் பெற்றோரின் அணுகுமுறை வெகுவாக மாறியிருந்தபோதிலும் ஆட்டிசக் கூறுகளில் மாற்றம் குறைவாகவே இருந்தது. ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளை மீண்டும் பார்த்து 2016-இல் வெளியிட்ட முடிவுகளில், பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் அந்தக் கூறுகளின் தீவிரம் குறைந்திருந்தது. அதே முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு, சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களை வைத்து நடத்திப் பார்த்தபோதும், பெற்றோரின் இசைவும் குழந்தைகள் தாமே தொடர்பைத் தொடங்குவதும் கூடின. இவை டெல்லிப் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. வழிமுறையும் முற்றிலும் ஒன்றல்ல. இருந்தாலும் பெற்றோரின் கையில் திறனைக் கொடுப்பது வீணாகாது என்ற நம்பிக்கைக்கு இவை போதும். டெல்லிப் பயிற்சிக்கு வந்த பெற்றோரிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பேசிப் பதிவுசெய்த ஆய்வொன்றும் 2015-இல் வெளிவந்திருக்கிறது. தன் சேவையை வெளியார் ஆராய அனுமதிக்கும் தொண்டு நிறுவனத்தின் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, பன்னிரண்டு வாரம் டெல்லியில் தங்க வேண்டும் என்பதே. வீட்டு வாடகை, சமையல், போக்குவரத்து, ஊரில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையின் பள்ளி, வேலையில் விடுப்பு என்று கணக்குப் போடும்போது, பயிற்சிக் கட்டணம் செலவின் ஒரு பகுதியாக மட்டுமே நிற்கும். நடைமுறையில் அந்தச் சுமை தாயின் தலையில்தான் விழுகிறது. வேலையை விடுபவர் அவர். கற்றவரும் அவர் மட்டுமே என்பதால், ஊர் திரும்பியதும் மாமியாருக்கும் கணவருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் எல்லாவற்றையும் விளக்க வேண்டியவரும் அவரே. தந்தையர் சில வாரங்களாவது கட்டாயம் பங்கேற்க வேண்டும் என்று நிறுவனங்கள் வற்புறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது குறை மொழி. டெல்லியில் ஆங்கிலமும் இந்தியும் அறியாத ஒரு தாய் வகுப்பின் நுட்பங்களைப் பிடிப்பது கடினம். இதோடு இன்னொரு சிக்கலும் பிணைந்திருக்கிறது. குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் வீட்டில் ஒரே மொழிதான் பேச வேண்டும், அதுவும் ஆங்கிலமாக இருக்கட்டும் என்று நம் ஊர்களிலேயே பலருக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சி கெடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியிடமிருந்தும் தெருவிலிருந்தும் குழந்தையைப் பிரித்துவிட்டு யாரோடு பேசக் கற்றுத்தருகிறோம் என்று அந்த அறிவுரையைச் சொல்பவர்கள் யோசிக்க வேண்டும். ஆகவே டெல்லிக்குப் போகிறவர்கள் அங்கே கற்பதை அன்றாடம் மாலையில் தமிழில் எழுதிவைப்பது நல்லது. ‘வா’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘வேண்டாம்’ போன்ற சொற்களையே குழந்தையோடு பழகும் முதற்சொற்களாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது குறை, பெற்றோர் நடத்தும் எல்லா அமைப்புகளுக்கும் பொதுவானது. பெற்றோரும் வல்லுநர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும்போது, யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் அந்த அறையில் பெரும்பாலும் இருப்பதில்லை. லண்டன் சங்கம் 1963-இல் ஏற்றுக்கொண்ட சின்னத்தில் ஒரு புதிர்த்துண்டும் அதனுள் அழும் குழந்தையும் இருந்தன. அதை வரைந்தவரும் ஒரு தந்தைதான். வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள், நாங்கள் புதிரும் அல்ல, அழுகைக்குரியவர்களும் அல்ல என்று எழுதிப் பேசத் தொடங்கிய பிறகு அந்தச் சின்னம் அங்கே கைவிடப்பட்டது. கண்ணைப் பார்க்கக் கட்டாயப்படுத்துவது, கைகளை அசைக்காமல் அடக்குவது போன்ற பழைய நடத்தைப் பயிற்சி முறைகள் தங்களை எப்படிக் காயப்படுத்தின என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். டெல்லி மையம் குழந்தையை உள்ளபடி ஏற்பதை வலியுறுத்துகிறது. குழந்தையை மாற்றுவதற்கு முன் அவனைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது. இந்த விஷயத்தில் அது பல மையங்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனாலும் எந்த நிறுவனமாக இருந்தாலும், முடிவெடுக்கும் குழுவில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது என்பேன்.

பெற்றோர் தொடங்கினார்கள் என்ற வரலாறே காலத்துக்கும் காவலாக நிற்கும் என்று எண்ணுவதும் தவறு. அதே லண்டன் சங்கம் 1974-இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக முன்னோடியான ஒரு குடியிருப்பைத் திறந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, அந்த வளாகத்தின் மெண்டிப் ஹவுஸ் என்ற இல்லத்தில் பணியாளர்கள் சிலர் அங்கிருந்தவர்களைக் கேலி செய்து துன்புறுத்தியதும், அவர்கள் பணத்தில் தாங்கள் உண்டதும் வெளிவந்தன. 2016-இல் அந்த இல்லம் மூடப்பட்டது. 2018-இல் விரிவான விசாரணை அறிக்கை வெளியானது. எங்களுக்குப் பிறகு யார் என்ற அச்சத்தோடு வாழும் பெற்றோர், இல்லம் நடத்தும் எந்த அமைப்பிடமும் கேட்க வேண்டியவை இந்த நிகழ்விலிருந்து கிடைக்கின்றன: முன்னறிவிப்பின்றி வரலாமா, உள்ளிருப்பவரின் பணக்கணக்கைப் பார்க்கலாமா, புகார் சொல்லும் பணியாளருக்குப் பாதுகாப்பு உண்டா. டெல்லி நிறுவனத்திடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பெற்றோர் அமைப்பு என்பதால் கூடுதலாகவே கேட்கலாம்.

யாருக்கு இந்தப் பயிற்சி பொருந்தும் என்றால், குழந்தைக்கு அண்மையில் ஆட்டிசம் என்று தெரியவந்து, மூன்று மாதம் ஒதுக்க முடிந்த, ஆங்கிலமோ இந்தியோ ஓரளவு புரிந்த குடும்பத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தை பெரியவனாகிவிட்டால் பயனில்லை என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் பதின்வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படுபவை வேறு என்பதால், முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவரின் வருமானத்தை இழக்க முடியாதவர்கள் கடன் வாங்கிப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்குறைபாடுடையோர் தேசிய நிறுவனத்தையும், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களையும் அவர்கள் முதலில் அணுகலாம். அங்கேயும் ‘நான் உள்ளே அமர்ந்து கற்க வேண்டும்’ என்று கேட்பதற்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிமை உண்டு.

போக முடிவு செய்தவர்கள் அடுத்த பிரிவு எப்போது தொடங்குகிறது, கட்டணச் சலுகை உண்டா, தந்தை எத்தனை வாரம் வரலாம், தங்குமிடம் தேட உதவுவார்களா, ஊர் திரும்பிய பின் ஐயம் எழுந்தால் யாரோடு பேசுவது ஆகியவற்றைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். மெட்ரோவில் ஜசோலா அப்போலோ நிலையத்தின் சுற்றுவட்டாரத்தில் வீடு பார்த்தால், கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காத குழந்தையோடு அன்றாடம் நெடுந்தூரம் பயணிக்க வேண்டியிருக்காது. டிசம்பர், ஜனவரிக் குளிரும் அதற்கு முந்தைய வாரங்களின் காற்று மாசும் நம் ஊர்க் குழந்தைகளுக்குக் கடுமையாக இருக்கும் என்பதால், தேர்வு நம் கையில் இருந்தால் பிப்ரவரியில் தொடங்கும்படி கேட்டுப் பார்க்கலாம். நிறுவனத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: இதே பயிற்சியைத் தமிழில், தமிழ்ப் பயிற்றுநர்களைக் கொண்டு, இங்கேயே ஆண்டுக்கு ஒரு பிரிவாவது நடத்த வேண்டும். ஏற்கெனவே பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழ்த் தாய்மார்களிலிருந்தே அந்தப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுக்கலாம்.